மருத்துவக் காப்பீடும் மருத்துவமனை பில்லும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலிசி எடுக்கும்போது எல்லோரும் பார்ப்பது இரண்டு எண்களை: எத்தனை லட்சத்துக்குக் காப்பீடு, வருடத்துக்கு எவ்வளவு பிரீமியம். டிஸ்சார்ஜ் அன்று உங்கள் கையிலிருந்து எவ்வளவு போகும் என்பது பெரும்பாலும் வேறு இடத்தில் எழுதியிருக்கிறது. அந்த இடங்களைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேசியிருக்கிறேன். தமிழ்நாட்டில் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது. பாலிசி விதிகள் இந்தியா முழுவதற்கும் ஒன்றுதான்.

நான் ஒரு கிளைம்கூடப் போட்டதில்லை. பிறகு ஏன் வருடா வருடம் பிரீமியம் ஏறுகிறது?

நீங்கள் கிளைம் போட்டீர்களா இல்லையா என்பதை வைத்து உங்கள் ஒருவருக்கு மட்டும் புதுப்பிப்பு பிரீமியத்தை ஏற்ற முடியாது. விதி அதை அனுமதிப்பதில்லை. ஏற்றுவது அந்தப் பாலிசி வைத்திருக்கும் எல்லோருக்கும் சேர்த்துத்தான். மருத்துவமனைகள் கட்டணத்தை ஏற்றுகின்றன, கிளைம் தொகை கூடுகிறது, நிறுவனம் விலையை மாற்றுகிறது. அதற்கு மேல் உங்கள் வயது. பல நிறுவனங்கள் வயதை ஐந்து ஐந்து வருடப் படிகளாக வைத்திருப்பதால், 45இலிருந்து 46 ஆகும் வருடம் திடீரென்று ஒரு தாவல் தெரியும்.

குடும்பத்துக்கு ஒரே பாலிசி எடுத்தவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தப் பாலிசியின் விலை அதிலுள்ள மூத்தவரின் வயதை வைத்துத்தான் போடப்படுகிறது. 35 வயதுத் தம்பதி, 66 வயது அப்பாவையும் அதே பாலிசிக்குள் சேர்த்தால் மொத்தக் கணக்கும் 66ஐப் பிடித்துக்கொள்ளும். பெற்றோருக்குத் தனிப் பாலிசி எடுப்பது பெரும்பாலும் மலிவு. தவிர, அப்பாவின் ஒரு அறுவைச் சிகிச்சை குழந்தைகளுக்கான தொகையையும் சேர்த்துத் தின்றுவிடாது.

மூத்த குடிமக்களுக்கு ஒரு சின்ன ஆறுதல்: 2025 ஜனவரி இறுதியில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. போட்ட உத்தரவுப்படி, 60 வயதைத் தாண்டியவர்களின் பிரீமியத்தை ஒரே வருடத்தில் 10 சதவீதத்துக்கு மேல் ஏற்ற வேண்டுமானால் நிறுவனம் முதலில் ஆணையத்தைக் கலந்துகொள்ள வேண்டும்.

ஜி.எஸ்.டி. எடுத்துவிட்டார்கள் என்கிறார்களே, எனக்குக் குறையுமா?

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவப் பாலிசிகளுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. கிடையாது. 30,000 ரூபாய் பிரீமியத்துக்கு முன்பு 5,400 ரூபாய் வரி சேர்த்துக் கட்டினோம். இப்போது அது இல்லை. ஆனால் வரி போனதோடு நிறுவனங்கள் தங்கள் செலவுகளில் கட்டும் வரியைத் திரும்பப் பெறும் வசதியும் போய்விட்டது. அதை அவர்கள் அடிப்படை விலையில் ஏற்றிக்கொள்ளாமல் இருக்கிறார்களா என்று உங்கள் போன வருட ரசீதை எடுத்துப் பாருங்கள். நிறுவனங்கள் ஊழியர்களுக்கு எடுக்கும் குரூப் பாலிசிக்கு இந்த விலக்கு இல்லை.

மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்காக வருமான வரியில் கிடைக்கும் கழிவு (80டி என்று பழகிய பெயர்) பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான். புதிய முறைக்கு மாறியவர்கள் அதற்காகப் பாலிசி எடுக்க வேண்டாம்.

பாலிசி வாங்குவதற்கு முன், அரசுத் திட்டம் எனக்குக் கிடைக்குமா என்று பார்க்க வேண்டுமா?

கட்டாயம் பாருங்கள். இதைப் பார்க்காமலேயே கடன் வாங்கிப் பிரீமியம் கட்டுகிறவர்களும், நகை அடகு வைத்து அறுவைச் சிகிச்சை செய்கிறவர்களும் நிறையப் பேர்.

2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாகி, 2018இல் ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்து இன்றும் நடக்கும் திட்டம் இது. குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். முன்பு 72,000 என்றிருந்த வரம்பு உயர்த்தப்பட்டது. 72,000 காலத்தில் விண்ணப்பித்து 'கிடையாது' என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் பலர் மறுபடி போய்ப் பார்க்கவே இல்லை. முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு வருமான வரம்பே கிடையாது.

வேண்டியவை குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டுத் திட்ட மையத்தில் பதிவு செய்வார்கள். கட்டணமில்லாத் தொலைபேசி 1800 425 3993. குடும்ப அட்டையில் பெயர் இல்லாதவருக்குச் சிகிச்சை கிடைக்காது. அதனால் மருமகள், பிறந்த குழந்தை பெயரையெல்லாம் சேர்க்காமல் தள்ளிப் போடாதீர்கள்.

திட்டம் எல்லா நோய்க்கும் பணம் தருவதில்லை, பட்டியலிலுள்ள சிகிச்சைகளுக்குத்தான். மருத்துவமனையும் பட்டியலில் இருக்க வேண்டும், அதுவும் அந்தச் சிகிச்சைக்காக. இதய சிகிச்சைக்குப் பட்டியலில் இருக்கும் மருத்துவமனை சிறுநீரகத்துக்கு இல்லாமல் போகலாம். படுக்கை பொது வார்டில். திட்டத்தின் கீழ் சேர்த்துவிட்டு 'இது மட்டும் நீங்கள் கட்டுங்கள்' என்று கேட்டால் மேலே சொன்ன எண்ணில் புகார் செய்யலாம்.

அப்புறம் ஒன்று: அரசு மருத்துவமனைக்குப் போனாலும் காப்பீட்டுத் திட்ட அட்டையைக் கொண்டுபோங்கள். சிகிச்சை உங்களுக்கு எப்படியும் இலவசம்தான். ஆனால் அட்டை இருந்தால் திட்டத்தின் பணம் அந்த அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சேரும்.

சாலை விபத்துக்கு இந்த அட்டைகூட வேண்டாம். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழ்நாட்டுக்குள் விபத்தில் அடிபட்டவர் எந்த ஊர்க்காரரானாலும், பட்டியலிலுள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம்.

சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, இஎஸ்ஐ பிடித்தம் செய்கிறார்கள். அது போதாதா?

சம்பளத்தில் நீங்கள் 0.75 சதவீதமும் முதலாளி 3.25 சதவீதமும் கட்டி, குடும்பம் முழுவதற்கும் வெளிநோயாளி மருந்துவரை கிடைக்கும் திட்டத்தைத் தனியார் பாலிசி எதுவும் அந்த விலைக்குத் தராது. மருந்தகத்தில் வரிசை நீளம்தான், மறுக்கவில்லை. சம்பளம் 21,000ஐத் தாண்டினால் நடப்புப் பங்களிப்புக் காலம் முடிந்ததும் இஎஸ்ஐயிலிருந்து வெளியே வந்துவிடுவீர்கள். அதற்கு முன்பே ஒரு பாலிசி பார்த்து வையுங்கள்.

ஒரே அறுவைச் சிகிச்சைக்கு ஒரே மருத்துவமனையில் எனக்கு ஒரு விலை, பக்கத்து அறைக்காரருக்கு ஒரு விலை. எப்படி?

தனியார் மருத்துவமனைகளில் பல இடங்களில் அறையை வைத்துத்தான் மற்ற எல்லாமே. பொது வார்டு, இருவர் பகிரும் அறை, தனி அறை, டீலக்ஸ் என்று மேலே போகப் போக அறுவை நிபுணர் கட்டணம், தியேட்டர் கட்டணம், டாக்டர் வந்து பார்க்கும் கட்டணம் எல்லாம் சேர்ந்து ஏறும். கத்தியும் அதே, கையும் அதே.

இதற்கு உச்சவரம்பு வைக்கும் சட்டம் நடைமுறையில் இல்லை. தமிழ்நாட்டில் தனியார் மருத்துவ நிறுவனங்களைப் பதிவு செய்ய 1997ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஆனால் எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு வாங்கலாம் என்று அது சொல்லவில்லை. கொரோனா நேரத்தில், 2020 ஜூனில், தமிழக அரசு தனியார் மருத்துவமனைகளுக்குக் கட்டணம் நிர்ணயித்தது. ஆக, மனது வைத்தால் முடியாத காரியம் இல்லை. பொருள்களில் சிலவற்றுக்கு விலைக் கட்டுப்பாடு வந்தது: 2017 பிப்ரவரியில், இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு வைக்கும் மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு ஏறத்தாழ 29,600 ரூபாய் என்று உச்சவிலை வைத்தார்கள், அதே ஆண்டு ஆகஸ்டில் செயற்கை முழங்கால் மூட்டுக்கும். ஆனால் ஸ்டென்ட் வைக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி சிகிச்சையின் பில்லில் ஸ்டென்ட் ஒரு வரி மட்டுமே. மற்ற வரிகளுக்கு யாரும் கோடு போடவில்லை.

அவசரமில்லாத சிகிச்சையென்றால் இரண்டு இடத்தில் எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். 'பேக்கேஜ்' என்று சொன்னால் அதற்குள் எது இல்லை என்பதைக் கேளுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

ரூம் வாடகை வரம்பு என்கிறார்களே, அதிகமாகும் வாடகையை மட்டும் நான் கட்டினால் போதுமா?

போதாது. கிளைமில் மனிதர்கள் அதிர்ந்துபோவது பெரும்பாலும் இங்கேதான்.

ஒரு கணக்கு போடுவோம். உங்கள் பாலிசி 3 லட்சம். அறை வாடகை காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம், அதாவது நாளுக்கு 3,000 ரூபாய். நீங்கள் 6,000 ரூபாய் அறையில் 5 நாள் இருக்கிறீர்கள். 'கூடுதலாக 15,000தானே, கட்டிக்கொள்ளலாம்' என்று நினைக்கிறீர்கள். பில் இப்படி வருகிறது: அறை வாடகை 30,000, டாக்டர், தியேட்டர், நர்சிங் கட்டணங்கள் 1,20,000, மருந்து, பரிசோதனை, உள்ளே பொருத்திய கருவி 70,000, கையுறை, முகக்கவசம் போன்ற உதிரிகள் 8,000. மொத்தம் 2,28,000.

தகுதிக்கு மேல் இரண்டு மடங்கு வாடகை அறை எடுத்ததால், அந்த 1,20,000இலும் பாதிதான் தருவார்கள். காரணம் மேலே சொன்னதுதான்: பெரிய அறையில் இருந்ததால் அந்தக் கட்டணங்களும் ஏறியிருக்கும் என்பது நிறுவனத்தின் வாதம். ஆக நிறுவனம் தருவது அறைக்கு 15,000, டாக்டர் வகையில் 60,000, மருந்து வகையில் 70,000, உதிரிகளுக்கு ஒன்றுமில்லை, மொத்தம் 1,45,000. உங்கள் கையிலிருந்து 83,000. காப்பீடு 3 லட்சம், பில் அதற்குக் குறைவு, ஆனாலும் இவ்வளவு.

இந்தக் கணக்கில் 70,000ஐ முழுதாக எழுதியதற்குக் காரணம் உண்டு. மருந்து, பரிசோதனை, உடலில் பொருத்தும் கருவி, ஐ.சி.யூ. கட்டணம் ஆகியவற்றில் இந்த விகிதக் கழிப்பைச் செய்யக் கூடாது என்று 2020இல் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. விதி போட்டது. அறையைப் பொறுத்துக் கட்டணம் மாறாத மருத்துவமனையென்றால் டாக்டர் கட்டணத்திலும் கழிக்கக் கூடாது. எனவே கழித்த விவரத்தை வரிவரியாகக் கேட்டு வாங்குங்கள். மருந்துக் கட்டணத்திலும் வெட்டியிருந்தால் எழுத்தில் ஆட்சேபியுங்கள்.

புதிதாக எடுக்கிறவர்களுக்கு என் கருத்து: ரூம் வாடகை வரம்பு உள்ள 10 லட்சப் பாலிசியைவிட, வரம்பில்லாத 5 லட்சப் பாலிசி மேல். ஏற்கெனவே வரம்புள்ள பாலிசி வைத்திருந்தால், அட்மிஷன் கவுன்ட்டரில் 'ரூம் எது வேண்டும்' என்று கேட்கும் அந்த ஒரு நிமிடத்தில் உங்கள் வரம்பு நினைவில் இருக்க வேண்டும். அதைத் துண்டுச் சீட்டில் எழுதிக் காப்பீட்டு அட்டையோடு வையுங்கள். கோ-பே என்பதும் இதே ரகம்: 20 சதவீதம் கோ-பே என்றால் ஏற்றுக்கொள்ளும் கிளைம் தொகை ஒவ்வொன்றிலும் ஐந்தில் ஒரு பங்கு உங்களுடையது.

எனக்குச் சர்க்கரை இருக்கிறது. சொன்னால் பிரீமியம் ஏறும், ஏஜென்ட் 'இல்லை என்றே போட்டுவிடலாம்' என்கிறார். போடலாமா?

வேண்டாம். கமிஷன் அவருக்கு, கையெழுத்து உங்களுடையது.

சொல்லிவிட்டு எடுத்தால் நடப்பது என்ன? ஏற்கெனவே இருந்த நோய்க்குக் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 36 மாதம். 2024க்கு முன் 48 மாதமாக இருந்தது. பிரீமியம் கொஞ்சம் கூடலாம். காத்திருப்பு முடிந்ததும் அந்த நோய் சார்ந்த கிளைமும் செல்லும். மறைத்து எடுத்தால் முதல் பெரிய கிளைமிலேயே பழைய லேப் ரிப்போர்ட்டும் மருந்துச் சீட்டும் கேட்பார்கள். கிளைமும் போய், பாலிசியும் ரத்தாகலாம். தொடர்ந்து 60 மாதம் கட்டிய பிறகு, மோசடி என்று நிரூபித்தால் தவிர, எதையும் காரணம் காட்டிக் கிளைமை மறுக்கக் கூடாது என்று ஒரு விதி இருப்பது உண்மை. அதை நம்பி மறைக்கச் சொல்கிறவர்கள், வேண்டுமென்றே மறைத்ததையே மோசடி என்று நிறுவனம் வாதாடும் என்பதைச் சொல்வதில்லை.

நேர்மையாகச் சொன்னவர்களும் மாட்டிக்கொள்ளும் ஒரு இடம் உண்டு. சேர்க்கும்போது ட்யூட்டி டாக்டர் 'எத்தனை வருஷமாகச் சர்க்கரை?' என்று கேட்பார். பதற்றத்தில் கூட வந்த மகன் 'அது இருக்கும் சார், பத்து வருஷம்' என்பான். உண்மையில் நான்கு வருடம். அந்தப் பத்து அப்படியே கேஸ் ஷீட்டில் ஏறி, டிஸ்சார்ஜ் சம்மரிக்கு வந்து, கிளைம் பார்க்கிறவரின் மேசையில் 'பாலிசிக்கு முந்தைய நோயை மறைத்தார்' என்றாகிவிடும். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். முதன்முதலில் சர்க்கரை தெரியவந்த லேப் ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் வாங்கியதும் அங்கேயே படித்து, தவறிருந்தால் டாக்டரிடம் திருத்தி வாங்கிவிடுங்கள். வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் கழித்துத் திருத்தம் கேட்டால் அது சந்தேகத்தைத்தான் கூட்டும்.

கேஷ்லெஸ் என்றார்கள். ஆனால் டிஸ்சார்ஜுக்குக் காலையிலிருந்து மாலைவரை உட்கார வைத்தார்கள். இதற்கு விதி இல்லையா?

இருக்கிறது. 2024 மே மாத ஐ.ஆர்.டி.ஏ.ஐ. சுற்றறிக்கைப்படி, சேர்க்கையின்போது கேட்கும் அனுமதிக்கு ஒரு மணி நேரத்திலும், டிஸ்சார்ஜ் பில்லுக்கு மூன்று மணி நேரத்திலும் காப்பீட்டு நிறுவனம் பதில் சொல்ல வேண்டும். மூன்று மணி நேரம் தாண்டியதால் மருத்துவமனை கூடுதல் கட்டணம் போட்டால் அது நிறுவனத்தின் தலையில். ஆனால் அந்தக் கடிகாரம் ஓடத் தொடங்குவது மருத்துவமனை ஃபைனல் பில்லை அனுப்பிய பிறகுதான். காலை 9 மணிக்கு 'வீட்டுக்குப் போகலாம்' என்று டாக்டர் சொல்லி, பில் பிற்பகல் 2 மணிக்குத்தான் போயிருந்தால், தாமதம் யாருடையது? இன்ஷூரன்ஸ் டெஸ்க்கில் 'எத்தனை மணிக்கு அனுப்பினீர்கள்' என்று கேளுங்கள். முதலில் வரும் அனுமதித் தொகை முன்பணம் மாதிரிதான். இறுதித் தொகை அதைவிடக் குறையலாம்.

நெட்வொர்க்கில், அதாவது நிறுவனத்தோடு ஒப்பந்தம் உள்ள பட்டியலில், இல்லாத மருத்துவமனையிலும் கேஷ்லெஸ் கேட்க 2024 ஜனவரியிலிருந்து வழி இருக்கிறது. திட்டமிட்ட சிகிச்சையென்றால் 48 மணி நேரத்துக்கு முன்பும், அவசரமென்றால் சேர்த்த 48 மணி நேரத்துக்குள்ளும் நிறுவனத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். மருத்துவமனையும் ஒப்புக்கொள்ள வேண்டும், அதுதான் சிக்கல்.

கம்பெனி பாலிசி இருக்கிறது. தனியாக ஒன்று எதற்கு?

வேலை போனால் அதுவும் போகும் என்பதுதான் ஒரே காரணம், அது போதுமான காரணம். 52 வயதில், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வந்த பிறகு, புதிய பாலிசி கேட்டு நிற்பது கடினம்.

செலவைக் குறைக்க ஒரு வழி: கம்பெனி பாலிசி 5 லட்சத்துக்கு இருந்தால், அதற்கு மேல் சூப்பர் டாப்-அப் எடுங்கள். முதல் 5 லட்சம் வேறெங்கிருந்தாவது வர வேண்டும், அதற்கு மேல்தான் இது தரும். அதனால் விலை மிகக் குறைவு. வெறும் 'டாப்-அப்' என்பதை எடுத்துவிடாதீர்கள். ஒரே வருடத்தில் 4 லட்சம், 3 லட்சம் என்று இரண்டு முறை பில் வந்தால், டாப்-அப் ஒவ்வொரு பில்லும் 5 லட்சத்தைத் தாண்டுகிறதா என்று தனித்தனியாகப் பார்த்து ஒன்றும் தராது. சூப்பர் டாப்-அப் இரண்டையும் கூட்டி 7 லட்சம் என்று பார்த்து 2 லட்சம் தரும்.

அப்பாவுக்கு 72 வயது. இப்போது பாலிசி கிடைக்குமா?

கிடைக்கும். 65 வயது வரை புதிய பாலிசி தந்தால் போதும் என்று நிறுவனங்களுக்கு இருந்த விதி 2024 ஏப்ரலோடு போய்விட்டது. விலையும் கோ-பேயும்தான் மிரட்டும். கட்டுவதற்கு முன், 70 வயதைத் தாண்டியவர்களுக்கு வருமானம் பார்க்காமல் வருடம் 5 லட்சம் வரை தரும் ஒன்றிய அரசின் வய வந்தனா அட்டையைப் பாருங்கள். 2024 அக்டோபர் 29இல் அறிமுகமானது. நீங்கள் போக நினைக்கும் மருத்துவமனை அந்த அட்டையை ஏற்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். பாலிசி வாங்கிய பிறகும் மனம் மாறினால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம்.

எங்கள் செலவெல்லாம் மாத மாத்திரைதான். இதற்குக் காப்பீடு உதவுமா?

பெரும்பாலும் உதவாது. சாதாரணப் பாலிசி படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் தரும். இந்தியாவின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் நேரடியாகக் கையிலிருந்து கொடுப்பது 2021-22இல் 39.4 சதவீதம், 2013-14இல் 64.2 சதவீதமாக இருந்தது. குறைந்திருக்கிறது, ஆனாலும் அதிகம்தான்.

இதற்குத் தமிழ்நாட்டில் வேறு வழிகள் உண்டு. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். நடக்க முடியாதவர்களுக்கு 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீட்டுக்கே கொண்டுவருகிறது. பிராண்ட் மாத்திரையின் மூலப்பெயரை (ஜெனரிக் பெயரை) டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டு ஒன்றிய அரசின் மக்கள் மருந்தகத்திலோ, 2025 பிப்ரவரியில் திறக்கப்பட்ட முதல்வர் மருந்தகங்களிலோ விலை கேட்டுப் பாருங்கள். சில மாத்திரைகளில் வித்தியாசம் கோபம் வரும் அளவுக்கு இருக்கும்.

கிளைமை மறுத்துவிட்டார்கள். இனி வக்கீல்தானா?

வக்கீல் இல்லாமலே போகலாம். முதலில் எந்த விதியின் கீழ் மறுத்தார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். நிறுவனத்தின் கிளைம் ஆய்வுக் குழு ஒப்புதல் இல்லாமல் மறுக்கக் கூடாது என்பதும் 2024 விதி. மருத்துவமனையிலிருந்து கேஸ் ஷீட் நகல் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் டாக்டர் தரப்பு தர வேண்டும். பிறகு நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லையென்றாலோ, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மேன்.

தமிழ்நாட்டுக்கு அந்த அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, 50 லட்சம் ரூபாய் வரையுள்ள பிரச்சினைகளைப் பார்ப்பார்கள், ஆன்லைனிலும் புகார் தரலாம். நிறுவனம் மறுத்ததிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். தீர்ப்பு உங்களுக்குச் சாதகமானால் நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். பாதகமானால் நுகர்வோர் நீதிமன்றக் கதவு உங்களுக்குத் திறந்தே இருக்கும். நுகர்வோர் நீதிமன்றத்தில் ஏற்கெனவே வழக்குப் போட்டிருந்தால் ஆம்புட்ஸ்மேன் எடுத்துக்கொள்ள மாட்டார். எனவே இந்த வரிசையை மாற்றாதீர்கள்.